களை என்று நான் சொன்ன செடி

மார்ச் 2, ஞாயிறு

ஓய்வு பெற்று ஏழு மாதம். காலையில் செய்தித்தாளில் எழுத்துப்பிழை தேடினேன். முதல் பக்கத்திலேயே மூன்று. சிவப்புப் பேனாவால் சுழித்தேன். யாரிடம் காட்டுவது?

கீழ்வீட்டிலிருந்து தங்கை வந்தாள். அவள் கொஞ்ச நாளாக ஞாயிறுதோறும் ஏதோ தோட்டத்துக்குப் போகிறாள். அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்துகிறார்களாம்.

"அக்கா, அடுத்த வாரம் நீயும் வாயேன். தாவரவியல் பூங்கா. உன் சப்ஜெக்ட்."

தாவரவியல் பூங்கா! நாலு தொட்டி வைத்தால் பூங்கா, அதில் ஒரு பெயர்ப்பலகை குத்தினால் தாவரவியல். முப்பத்தொரு வருஷம் நான் கல்லூரியில் தாவர வகைப்பாடு சொல்லிக்கொடுத்தது எதற்கு?

வருகிறேன் என்றேன். சிரிக்கவாவது ஏதாவது வேண்டுமே.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். நினைத்ததைவிட மோசம்.

லாரிகள் நிறுத்தும் இடமாக இருந்ததாம். இப்போதும் மண்ணில் டீசல் வாடை. வாசல் பலகையில் 'தாவிரவியல் பூங்கா'. முதல் சொல்லிலேயே பிழை. உள்ளே நுழையாமல் அப்படியே திரும்பியிருக்கலாம்.

இதை நடத்துபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கழுத்தில் விசில். ஒரு விசில் அடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டு அடித்தால் டீ. எல்லோரும் அவரை 'விசில்' என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறார். மற்றவர்கள்: ஒரு பல் டாக்டர், பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மாள் ஒருத்தி, வேலை போன ஒரு வங்கி ஊழியர், தையல்காரி ஒருத்தி. புல்லுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் சொல்ல ஒருவருக்கும் தெரியாது. ஆனால் செடியோடு பேசுகிறார்கள். பல் டாக்டர் ஒரு முருங்கையைத் தட்டிக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பெயர்ப்பலகைகளைச் சொல்லவே வேண்டாம். துளசிக்குப் பக்கத்தில் 'திருநீற்றுப்பச்சை', திருநீற்றுப்பச்சைக்குப் பக்கத்தில் 'துளசி'. ஒரு கற்றாழைக்கு 'வெளிநாட்டு அன்னாசி'. ஒன்றுக்கு வெறும் கேள்விக்குறி. அதற்கும் ஒரு பலகை, அதையும் வண்ணம் தீட்டி நட்டிருக்கிறார்கள்!

கிளம்பும்போது விசில் கேட்டார்: "எப்படி இருக்கு மேடம் நம்ம தோட்டம்?"

"பச்சையா இருக்கு" என்றேன்.

அவருக்கு அது பாராட்டாகப் பட்டிருக்கிறது. முகமெல்லாம் பல்.

மார்ச் 10, திங்கள்

பிழைப் பட்டியல் எழுதி முடித்தேன். நாற்பத்திரண்டு. நான்கு பக்கம். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மார்ச் 16, ஞாயிறு

பட்டியலைக் கொடுத்தபோது விசிலின் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இத்தனை நாளா ஒருத்தர் வரமாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தோம் மேடம்."

உடனே இரண்டு விசில். எல்லோரும் கூடினார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல பலகைகளைப் பிடுங்கி, அழித்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். ஒருவராவது வாதாட வேண்டாமா? ஒருவராவது 'அது எப்படி' என்று கேட்க வேண்டாமா? ஆட்டுமந்தை. வங்கிக்காரர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மண் ஒட்டியது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

இருபத்தாறு முடிந்தது. மீதி அடுத்த வாரம்.

தங்கை ஆட்டோவில் சொன்னாள்: "உனக்கு இன்னைக்கு சந்தோஷமா இருந்துச்சுதானே?"

இல்லை என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஒருத்தி வாதாடினாள். அதுவும் யார், தையல்காரி!

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு பாத்தி. பத்தடி நீளம்கூட இருக்காது. அதில் எதையெதையோ வளர்க்கிறாள். பலகையில் வெறும் எண்கள். பாதிப் பாத்தியை மஞ்சள் பூவோடு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. மூக்குத்திப்பூண்டு. சாலையோரத்தில், சாக்கடையோரத்தில், எங்கே மண் கண்டாலும் முளைக்கிற களை. அதைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாள்!

"ஏம்மா, இது களை. பிடுங்கிப் போடு" என்றேன்.

"இது அது இல்ல மேடம். பாக்கத்தான் அப்படி இருக்கும். இலையைக் கசக்கினா வாசனை வேற. அப்புறம் மூக்குத்திப்பூ விதை காத்துல பறக்கும். இது பறக்காது, ஒட்டும்."

பறக்கும், ஒட்டும். எனக்கே பாடம்! கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு!

"நான் முப்பத்தொரு வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். அவ்வளவுதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒருமுறை கேட்டாள்: "ஒரு தடவை கிட்ட வந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்." நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது என்றேன்.

விசில் தயங்கினார். மட்கும் குழியில் போடலாமா என்றார். போட்டால் தோட்டம் முழுக்கப் பரவும், எரித்துவிடுங்கள் என்றேன். தார் டின்னில் போட்டு எரித்தார்கள். தையல்காரி நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு கிளையை நான் எடுத்துவந்தேன். விசில் என்னைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதையே காட்டலாம். செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, ஓரத்தில் எழுதினேன்: 'படிப்பில்லாத ஆர்வம் — ஓர் உதாரணம்.'

மார்ச் 25, செவ்வாய்

தங்கை மேலே வரவில்லை. வாசலில் பார்த்தபோது, "உனக்கு எல்லாருமே முதல் வருஷப் பசங்கதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்தட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மீதி பதினாறு பலகைகளையும் முடித்தேன். தையல்காரி வரவில்லை. அவள் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. டீ சுமார்.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்புக்குப் படம் வரையலாம் என்று அந்தக் கிளையை வெளியே எடுத்தேன். காய்ந்துவிட்டிருந்தது. பூத்தலை உதிர்ந்து, காகிதத்தில் விதைகள். ஊதித் தள்ளப் பார்த்தேன். போகவில்லை.

ஏன் போகவில்லை?

மூக்குத்திப்பூண்டின் விதைக்குத் தலையில் பஞ்சு இருக்க வேண்டும். ஊதினால் பறக்க வேண்டும். லென்ஸை எடுத்தேன். பஞ்சு இல்லை. இரண்டு கொக்கி. மீன் தூண்டில்போலப் பின்னால் வளைந்து, காகிதத்தின் நாரைப் பிடித்துக்கொண்டு.

பறக்காது, ஒட்டும்.

இரண்டு மணிநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே என் கையெழுத்து: படிப்பில்லாத ஆர்வம்.

அது எதுவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

கல்லூரிக்கு எடுத்துப்போனேன். உலர்தாவர அறையை இப்போது கவனிப்பவன் என் பழைய மாணவன். அலமாரியில் கடைசித் தட்டிலிருந்து காய்ந்த செடி ஒட்டிய ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். எழுபது வருஷத்துக்கு முன்பு யாரோ சேகரித்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

"அதேதான் மேடம்! எங்கே கிடைச்சுது?"

"ஒரு இடத்துல."

"உங்க ஆய்வேட்டுல இது அழிஞ்சுபோச்சுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

ஆமாம். நூற்றுப் பதினெட்டாம் பக்கம். 'இப்பகுதியிலிருந்து முற்றிலும் அற்றுப்போனதாகக் கொள்ளலாம்.' நானூறு பக்க ஆய்வேட்டில் மற்றவர்கள் எடுத்துச் சொல்வது அந்த ஒரு வரியைத்தான். அந்த வரிக்காக நான் எத்தனை மேடு பள்ளம் ஏறி இறங்கினேன்? ஏறவில்லை. அலமாரிகளில் தேடினேன். அந்தத் தாளுக்குப் பிறகு அலமாரியில் இல்லை, ஆகவே பூமியில் இல்லை.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்பு தப்பாக எழுதினேன். போன மாதம் தார் டின்னில் போட்டு அதைச் சரியாக்கிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

யாருக்கும் தெரியாது. இதை எழுதிவைத்துப் பார்க்கிறேன். யாருக்கும் தெரியாது. தையல்காரிக்கு அது களை இல்லை என்பது தெரியும், என்ன என்பது தெரியாது. மாணவனுக்கு என்ன என்பது தெரியும், எங்கே என்பது தெரியாது.

இன்னொன்றும் செய்யலாம். கட்டுரை எழுத ஒரு கிளை போதும். 'எழுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும்.' கீழே என் பெயர். கிடைத்த இடத்தைக் கொஞ்சம் பூசி மெழுகினால் போதும். இரண்டு பத்தி எழுதியும்விட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

வெட்கமாயில்லையா? இருக்கிறது. ஆனாலும் எழுதினேனே.

ஏப்ரல் 6, ஞாயிறு

தோட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கீழே போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"என்கிட்ட ஏன்க்கா சொல்ற?"

"வேற யார்கிட்ட சொல்ல?"

"தையல் கடை, மருந்துக்கடைக்கு எதிர் சந்துல. பத்து மணிக்குத் திறப்பாங்க."

ஏப்ரல் 9, புதன்

ஒரு தையல் மிஷின், ஒரு நாற்காலி, சுவர் முழுக்கத் துணிப்பைகள். அவ்வளவுதான் கடை. அவள் வாயில் குண்டூசிகள். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தவில்லை. நாற்காலியில் ஒரு கோட்டு கிடந்தது. அதை எடுக்கச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும். நூற்றுப் பதினெட்டாம் பக்கம்வரை.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின்மேல் இருந்த சின்னப் பஞ்சுமெத்தையில் குத்தினாள்.

"அப்ப அது களை இல்ல."

"இல்லை."

"நான் சொன்னேன்."

"சொன்னீங்க."

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாப்பத்திரண்டு தப்பு கண்டுபிடிச்சீங்களே. மத்ததையெல்லாம் கிட்டப் போய், கண்ணாடி வெச்சுப் பாத்தீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். என்னோடதை மட்டும் ஏன் பாக்கல?"

பல் டாக்டரின் பாத்தியில் முழங்காலிட்டேன். வங்கிக்காரருடையதில் இலையைக் கிள்ளி மோந்துபார்த்தேன். அவளுடையதில் — அளவு நாடாவைத்தான் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், 'ஏம்மா' என்று கூப்பிட்டேன்.

"தெரியல" என்றேன். பொய். தெரியும்.

அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. பரீட்சையில் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போன மாணவனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்துவைத்துவிட்டுச் சொன்னாள். பேண்ட் உயரம் குறைக்கக் கொடுப்பார்கள். மடிப்பைப் பிரித்தால் உள்ளே மண், மணல், விதை. தூசி தட்டும்போது விதையை மட்டும் பொத்தான் டப்பாவில் எடுத்து வைப்பாளாம். 'என்னதான் வருதுன்னு பாப்போமே' என்று ஆரம்பித்ததாம். அந்தப் பாத்தி முழுக்க ஊராருடைய கால்சட்டை மடிப்புகளில் வந்தவை. பலகையில் இருந்த எண்கள் எந்தப் பேண்ட் என்பதற்கான அடையாளம்.

சேகரித்த நாள், எண், வந்த வழி — எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நாற்பத்திரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒழுங்கான ஆவணம் வைத்திருந்த ஒரே பாத்தி அது.

"வேற விதை மிச்சம் இருக்கா?"

"இல்ல. எல்லாத்தையும் போட்டுட்டேன். வந்துச்சே, பூத்துச்சே, இனிமே அதுவே விதை போடும்னு இருந்தேன்."

மிஷினை மறுபடி மிதித்தாள். நான் வெளியே வந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லோர் முன்னாலும் சொன்னேன். தையற்கார அம்மாவும் வந்திருந்தார். எல்லோருக்கும் பின்னால் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார்.

விசில் என்னைத் தேற்றத் தொடங்கினார். "விடுங்க மேடம், மனுஷனா பொறந்தா..." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும்தான் கொளுத்துனீங்க!" என்று கத்திவிட்டேன். "நான் சொன்னா உடனே கொளுத்திடறதா? அவங்க ரெண்டு வருஷமா இங்க இருக்காங்க, அப்ப நான் வந்து ரெண்டு வாரம்! அவங்க பேச்சைவிட என் பேச்சு எப்படிப் பெருசாச்சு?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆமா. அது தப்புத்தான்." அம்மாவிடம் போய்த் தனியாக ஏதோ பேசினார். விசிலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

உதிர்ந்த விதை இருக்குமோ என்று அம்மாவின் பாத்தி மண்ணைச் சலிப்பதென்று முடிவாயிற்று. எட்டுப் பேர், மாவு சலிக்கும் சல்லடை, மூன்று மணிநேரம். கிடைத்தவை: ஒரு பொத்தான், பீங்கான் துண்டு, எறும்பு.

ஏப்ரல் 17, வியாழன்

கடைக்குப் போனேன். நாற்காலியில் கோட்டு இல்லை. உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தேன்.

அம்மா நோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எரித்த செடி, எண் பதினேழு. பெயர் எழுதவில்லை, அளவு எழுதியிருக்கிறார். "இடுப்பு முப்பத்தெட்டு. இடது கால் அரை இஞ்ச் குட்டை. இந்த ஊர்ல அப்படி ஒரே ஆள்தான். தண்ணிக் குழாய் செக் பண்ற இன்ஸ்பெக்டர். அடுத்த தெருவுல இருக்காரு."

சேர்ந்து போனோம். குழாய் இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பேண்டில் ஏதோ குற்றம் கண்டுபிடிக்க இரண்டு பெண்கள் வந்திருப்பதாக நினைத்து அரண்டுபோனார். பிறகு சொன்னார்: பழைய குழாய் ஒன்று நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறுகிறது. அவரைத் தவிர யாரும் அங்கே போவதில்லை.

திரும்பும்போது அம்மா பேசவில்லை. நானும். ஆனால் சேர்ந்துதான் நடந்தோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேட்டுக்குப் போனோம். அம்மா, நான், தங்கை, விசில். பஸ்ஸில் விசில் கண்டக்டருக்கு வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆள் எங்களை ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டுப் பழிதீர்த்துக்கொண்டான்.

காய்ந்த புல். முழங்கால் உயர முள். குழாய் நெடுக நான்கு மணிநேரம். எங்கே பார்த்தாலும் மூக்குத்திப்பூண்டு. ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து விதையை ஊதினேன். ஒவ்வொன்றும் பறந்தது. எத்தனை ஊதினேன்? இருநூறு? தொண்டை வறண்டுவிட்டது.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, "போதும் மேடம்" என்றார். "இது பூக்கற காலம் முடிஞ்சுபோச்சு. காஞ்ச குச்சியா நின்னா நமக்கு எப்படித் தெரியும்?"

வெறுங்கையோடு திரும்பினோம். என் ஆய்வேட்டில் இருக்கும் வரியை என் காலாலேயே சரிபார்த்துவிட்டேன் போலிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் தாமதமாக.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் கீழே ஒரே விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த மனிதர் வாசலில், கையில் பாலிதீன் பையில் தன் சாக்ஸ்.

துவைக்க எடுத்த அவர் மனைவி, 'இது என்ன முள்ளு' என்று தூக்கி எறிந்தாராம். குப்பைக்கூடையிலிருந்து மீட்டிருக்கிறார்.

அந்த நாற்றத்தைப் பற்றி எழுதினால் இந்த நோட்டே தாங்காது. ஆனால் லென்ஸை வைத்துக் குனிந்தேன். நெருஞ்சி, புல்விதை, புல்விதை, நாயுருவி — ஒரு கொக்கி. இரண்டு கொக்கி.

நிமிர்ந்து விசிலைப் பார்த்தேன். "டீ சாப்பிடறீங்களா?" என்றேன்.

அப்படியே கடைக்கு ஓடினோம். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டு, ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். நான் லென்ஸைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்று. விசில் எண்ணியதில் பன்னிரண்டு. ஒன்று புல்விதை என்று அவரிடம் நிரூபிக்க அரை மணியாயிற்று.

மண்சட்டியில் விதைத்தோம். பலகையில் எண் மட்டும். பிறகு, வந்த வழி: 'விசில் சார் சாக்ஸ், இடது கால்.'

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்றும் முளைக்கவில்லை. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். பல்கலைக்கழகத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன்: பக்கம் 118, பிழை. எப்படித் தெரியவந்தது என்பதையும் எழுதினேன். தார் டின் உட்பட.

மே 4, ஞாயிறு

சட்டியில் ஒன்றுமில்லை. பல் டாக்டர் சட்டியோடு பேசிப் பார்க்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது.

மே 11, ஞாயிறு

போவதற்குள் விசில் சத்தம் தெருமுனைவரை கேட்டது. எந்தக் கணக்கிலும் சேராத விசில்கள்.

சட்டியில் ஏழு முளை. ஒவ்வொன்றும் இரண்டே இலையோடு, நகக்கண் அளவு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஏழும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. பூ வந்தால், காய் வந்தால் சொல்வேன். உலர்ந்து தாளில் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு நாள் முளையை நான் எங்கே பார்த்தேன்?

அம்மா மெதுவாக வந்தார். ஒருமுறை பார்த்தார். இரண்டை நுனிவிரலால் பிடுங்கி வெளியே போட்டார்.

"இந்த ரெண்டும் களை."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், விசில்கூட.

நோட்டை எடுத்தேன்.

"எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"உக்காருங்க, சொல்றேன்" என்றார். சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.